விளம்பரமில்லாத வானொலி

கண்டக்டரின் டாக்சியைப் பழைய வண்டி என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இன்ஜின் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, கதவு முதல் தடவையிலேயே சாத்திக்கொள்கிறது, இதற்குமேல் ஒரு வண்டி என்ன செய்யவேண்டும், பயணியைத் தாலாட்ட வேண்டுமா என்று கேட்பார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றபின் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி. ஆள் டாக்சிக்கு மாறிவிட்டாலும் பட்டப்பெயர் மாறவில்லை. ரயில் நிலைய வாசலில் வரிசைகட்டி நிற்கும் டாக்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் கண்டக்டர்தான்.

வண்டியில் ஒரே குறை பாட்டு. உள்ளே இருந்தது கேசட் போடுகிற ஸ்டீரியோ. அது பாடிய கேசட்டைவிடத் தின்ற கேசட்தான் அதிகம். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், போனில் இருக்கிற பாட்டை எப்படியாவது இந்தப் பெட்டியின் வாயால் பாடவைத்துவிடுவது என்று கண்டக்டர் கங்கணம் கட்டிக்கொண்டார். முதலில், கேசட் வடிவத்திலேயே இருந்து வாலில் ஒயர் தொங்கும் சாமான் ஒன்றை வாங்கினார். ஒயரை போனில் செருகி, கேசட்டை ஸ்டீரியோவில் தள்ள வேண்டும். ஸ்டீரியோ அதைச் சொந்தக்காரனாக ஏற்றுக்கொள்ளவில்லை. பாட்டு சூடுபிடிக்கிற நேரமாகப் பார்த்துத் துப்பிவிடும். அடுத்ததாக உருண்டையாக ஒரு ஸ்பீக்கர். அது ஒரு வளைவில் உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அன்றைக்குப் பின்சீட்டில் இருந்தவர் வழியிலேயே இறங்கி நடந்து போனார்.

கடைசியில் மொபைல் கடைக்காரர் ஒரு சின்னப் பொருளை எடுத்து வைத்தார். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். சிகரெட் பற்றவைக்க வண்டியில் ஒரு குழி இருக்குமே, அதில் செருகிவிட வேண்டியது. போனில் ஓடுகிற பாட்டை அது காற்றில் விடும். ஸ்டீரியோவில் ரேடியோவைத் திருகி எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் வைத்தால், காற்றில் வந்ததை அது பிடித்துக்கொள்ளும். போன் வந்தாலும் பேசுகிறவர் குரல் ஸ்பீக்கரிலேயே கேட்கும், கையில் எடுக்கவே வேண்டாம்.

"உங்க வண்டிக்குன்னே தனியா ஒரு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி" என்றார் கடைக்காரர். காற்றில் விட்டது காருக்குள்ளேயே நிற்குமா என்று கண்டக்டர் கேட்கவில்லை. கடைக்காரரும் தானாகச் சொல்லவில்லை. வாங்குகிறவருக்கு அவசரம், விற்கிறவருக்கு அதைவிட அவசரம்.

அன்றுமுதல் கண்டக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் வண்டியை வரிசையில் போட்டுவிட்டு, பழைய பாட்டாகத் தேடித் தேடி ஓடவிடுவார். ரயில் வரும்வரை வரிசை நகராது. அந்த நேரத்தில் அவர் மனைவி போன் செய்வாள். அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். போனைத் தையல் மெஷின் பலகையில் வைத்துவிட்டு, காலால் மிதித்தபடியே பேசுவாள். மெஷின் கடகடவென்று ஓட, நடுநடுவே குரல் வரும். நேரில் இருக்கும்போது இருவருக்கும் பேச நேரமிருக்காது. அவருக்குச் சவாரி, அவளுக்குத் தையல். அதனால் வீட்டுப் பேச்சு, வம்பு, கணக்கு, கொஞ்சல், குத்தல் எல்லாமே இந்த நேரத்தில்தான். கண்டக்டர் சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரில் பெண்டாட்டி குரலைக் கேட்பார். பாட்டைவிட அதுதான் அவருக்குப் பிடித்தது. ஆனால் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

விவகாரம் தைலத்தில் ஆரம்பித்தது. ஒருநாள் அவருக்குப் பின்வண்டிக்காரன் நெட்டை ஜன்னலருகில் வந்து குனிந்தான். அவன் உயரத்துக்குக் குனிந்தால்தான் முகம் தெரியும்.

"கண்டக்டரே, இந்தாங்க. என் மாமனாருக்கு மூட்டு வலிக்கு இதுதான் கேட்டுச்சு. தடவிப் பாருங்க."

"எனக்கு மூட்டு வலின்னு யார் சொன்னா?"

"உங்க நடையே சொல்லுதே அண்ணே."

நல்ல பையன், என்ன கரிசனம் என்று கண்டக்டர் உச்சி குளிர்ந்துபோனார். காலையிலிருந்து வண்டியைவிட்டுத் தான் இறங்கவே இல்லை என்பது தைலம் தடவி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சரி, போகட்டும் என்று விட்டார். அடுத்தது பல். கண்டக்டரின் முன்பல் இரண்டு கழற்றி மாட்டுகிற பல். இந்த ரகசியம் பல் டாக்டருக்கும், மனைவிக்கும், அவருக்கும் மட்டுமே தெரியும் என்பது அவர் எண்ணம். டீக்கடையில் அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனபோது வக்கீல் கையைப் பிடித்துத் தடுத்தான். வக்கீலும் டாக்சிக்காரன்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்த பெயர்.

"நனைச்சுச் சாப்பிடுங்க அண்ணே. புதுசா ஒட்டினது, கெட்டியா கடிக்கக் கூடாதுல்ல?"

கண்டக்டருக்கு டீ புரை ஏறியது. வாயை மூடியபடியே வண்டிக்குத் திரும்பினார். அன்று முழுக்க யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

அதற்கும் அடுத்த வாரம் மச்சினன். மனைவியின் தம்பி விருந்தாளியாக வந்து, போகிற வழியையே மறந்துபோனவன் போலத் தங்கிவிட்டான். குளியலறைக்குள் போனால் பாடுவான், பாடினால் வெளியே வரமாட்டான். கண்டக்டர் போனில் அவளிடம் புலம்பித் தீர்த்தார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவான், அப்புறம் பாத்ரூம் உங்களுக்குத்தான் என்று அவள் சமாதானம் சொன்னாள். மறுநாள் வரிசையில் நின்ற வக்கீல் சாதாரணமாகக் கேட்டான்.

"மச்சினன் ஞாயித்துக்கிழமை கிளம்பிடுவாரில்ல? அப்புறம் பாத்ரூம் உங்களுக்குத்தான்."

அவ்வளவுதான். கண்டக்டருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நெட்டையின் மனைவி தன் வீட்டில்தான் துணி தைக்கக் கொடுக்கிறாள் என்பது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. அளவு கொடுக்க வருகிறாள், உட்காருகிறாள், இருவரும் பேசுகிறார்கள். அங்கிருந்து நெட்டை, நெட்டையிடமிருந்து இந்த வரிசை முழுக்க. கணக்கு நேராகிவிட்டது. இவ்வளவு சுலபமாக நேராகிற கணக்கைத் தப்பாக இருக்குமோ என்று எந்த ஆண்பிள்ளை சந்தேகப்படுவான்?

அப்போது பார்த்து போன் வந்தது. ஸ்பீக்கரில் மெஷின் சத்தம் கடகடத்தது.

"என்னங்க, ரயில் வந்துடுச்சா?"

"அது கிடக்கட்டும். நெட்டை பொண்டாட்டி உன்கிட்டதானே தைக்கக் கொடுக்கறா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"துணியை மட்டும்தான் கொடுத்து அனுப்பறியா, இல்ல வீட்டு விஷயத்தையும் மடிச்சு உள்ள வெச்சு அனுப்பறியா?"

மெஷின் நின்றது.

"என்ன பேசறீங்க நீங்க?"

"என் பல்லு இந்த வரிசைக்கே தெரியுது. உன் தம்பி குளிக்கிறது தெரியுது. நான் சொல்லல. வீட்டுல இதெல்லாம் பேசிக்கிறது நாம ரெண்டு பேருதான். அப்ப யாரு, பல்லே நடந்து வந்து சொல்லிச்சா?"

"நானா? உங்க பல்லைப் பத்தி நான் போய் அடுத்தவங்ககிட்ட பேசுவேனா?" அவள் குரல் ஒரு மாதிரி ஏறி இறங்கியது. "இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்களைப் பத்தி வாசல் தாண்டி ஒரு வார்த்தை விட்டிருக்கேனா? உங்க அக்கா துருவித் துருவிக் கேட்டப்பகூட வாயைத் திறக்கலையே நான்."

"அப்ப எப்படித் தெரிஞ்சுது? அதுக்குப் பதில் சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சரி. நான் பேசினாத்தானே வெளிய போகும். இனிமே பேசல."

போன் இணைப்பு அறுந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரயில் வந்து ஜனங்கள் பெட்டியும் படுக்கையுமாக வாசலில் நின்றார்கள். ஆனால் ஒரு டாக்சிக்காரனும் கதவைத் திறந்து இறங்கவில்லை. எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு இவர்களுக்கு என்ன வந்தது என்று நினைத்தபடி கண்டக்டர் இறங்கிப்போய் ஒரு பெட்டியைத் தூக்கினார்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். வீட்டில் சாப்பாடு வந்தது, தண்ணீர் வந்தது, துவைத்த சட்டை மடித்து வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. மச்சினன் சூழ்நிலையை மோப்பம் பிடித்து, சொன்ன நாளுக்கு முன்பே ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். பாத்ரூம் கிடைத்துவிட்டது, கண்டக்டருக்குத்தான் குளிக்கப் பிடிக்கவில்லை. நாமே முதலில் பேசலாமா என்று நாக்கு நுனிவரை வரும். நெரிசல் பஸ்ஸில் அத்தனை பேரையும் அதட்டியே பழகிய நாக்கு அது, இறங்கிப்போக அதற்குத் தெரியாது.

வரிசையில் பாட்டு ஓடியது. ஒன்று முடிந்தால் ஒன்று, நல்ல நல்ல பாட்டாகத்தான் ஓடியது. காலையில் அந்த நேரம் வந்தால் கை தானாகப் பாட்டின் சத்தத்தைக் குறைக்கும். போன் சும்மா கிடக்கும். அவள் இல்லாமல் தனக்கு ஒரு பகல் கழியாது என்பதை அந்த நாட்களில்தான் அவர் தெரிந்துகொண்டார். தெரிந்து என்ன செய்ய?

ஒருநாள் காலை நெட்டை ஒரு ஜன்னலிலும் வக்கீல் மறு ஜன்னலிலும் வந்து நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"அண்ணே, அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?" என்றான் நெட்டை.

"நல்லாத்தான் இருக்கா. ஏன்?"

"குரலே கேக்கலையே. அதான்."

"குரலா? யார் குரல்? உனக்கு எங்க கேட்டுச்சு?"

நெட்டை வக்கீலைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக வக்கீலுக்கு வாதம் எதுவும் கிடைக்கவில்லை. "வாங்க, வந்து உக்காருங்க" என்று கண்டக்டரை இறக்கி, நெட்டையின் வண்டிக்குக் கூட்டிப்போய் முன்சீட்டில் உட்காரவைத்தான். நெட்டை ரேடியோவைப் போட்டான். கண்டக்டரின் போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு, கண்டக்டர் விட்டுவந்த அதே வரியில், நெட்டையின் வண்டியில் பாடியது.

"நியூஸ் தேடித் திருகினேன். இது மாட்டுச்சு" என்றான் நெட்டை. "விளம்பரமே இல்லாம பழைய பாட்டா வருதேன்னு எல்லாருக்கும் சொன்னேன். இங்கயிருந்து அந்த மரம் வரைக்கும் எல்லா வண்டியிலயும் பிடிக்கும். அப்புறம் ஒருநாள் பாட்டு நின்னு அண்ணி குரல் வந்துச்சு."

கண்டக்டர் சட்டென்று ரேடியோவை அணைத்தார். "நான் பேசினதெல்லாமுமா?"

"உங்க குரல் வராது அண்ணே, அது போனுக்குள்ள போயிடும். அண்ணி பேசறது மட்டும்தான். நீங்க என்ன கேட்டிருப்பீங்கன்னு நாங்களே யூகிச்சுக்குவோம்."

"ஒரு தரப்பு வாதம்தான்" என்றான் வக்கீல், தன்னையறியாமல்.

"ஒட்டுக் கேட்டிருக்கீங்களேடா இத்தனை நாளா! வெட்கமா இல்ல?"

"ஒட்டுக் கேக்கறதுன்னா நாம போய்க் காதை வைக்கணும் அண்ணே. இது அதுவா வந்து..." வக்கீல் ஆரம்பித்தான். நெட்டை அவனை முழங்கையால் இடித்தான்.

"வெட்கமாத்தான் இருக்கு" என்றான் நெட்டை. "முதல்நாளே சொல்லியிருக்கணும். சொன்னா நிறுத்திடுவீங்களேன்னு சொல்லல. என் வீட்டுல இப்படிப் பேச்சே கிடையாது அண்ணே. டிவிதான் பேசும். அன்னிக்கு அண்ணி அழுதப்ப எங்க எல்லாருக்கும் தெரியும், அவங்க மேல தப்பில்லைன்னு. ஒருத்தனும் இறங்கி வந்து சொல்லல. அதுலேர்ந்து ராத்திரி தூக்கம் வரல எனக்கு."

அவர்களைத் திட்ட இன்னும் நிறைய இருந்தது. ஆனால் கண்டக்டரின் காதில் "ஒரே ஒரு நாள்" என்ற அவள் குரல்தான் திரும்பத் திரும்ப விழுந்தது. குற்றமே செய்யாதவளை, அதுவும் இத்தனை பேர் சாட்சியாக அழவைத்திருக்கிறார். தன் வண்டியில் ஏறி, வரிசையை உடைத்துக்கொண்டு வீட்டுக்கு விட்டார்.

அவள் மெஷினில் இருந்தாள். ஒரு பக்கம் வெட்டிய கை, ஒரு பக்கம் கழுத்துப்பட்டை என்று சட்டைகள் குவிந்து கிடந்தன. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மெஷின் நடுத்தையலில் நின்றது.

"எல்லாமா?"

"எல்லாம். நீ பேசினது எல்லாம்."

அவள் கை வாய்க்குப் போனது. "ஐயையோ! நெட்டை பொண்டாட்டி இடுப்பளவைக் குறைச்சுக் குறைச்சுச் சொல்றா, மூணு தடவை பிரிச்சுத் தைச்சேன்னு சொன்னேனே, அதுவுமா?"

"அதுவும்தான்."

"அவ புருஷனே கேட்டிருக்காரா!"

ஒரு கணம் அவள் சிரித்துவிடுவாள் போலத்தான் இருந்தது. கண்டக்டரும் சிரிப்பதற்குத் தயாராக உதட்டைப் பிரித்தார். அவள் முகம் மாறிவிட்டது.

"சரி, அவங்க கேட்டது இருக்கட்டும். நீங்க என்னைக் கேட்டீங்களே. அதுக்கு என்ன சொல்றீங்க?"

கண்டக்டர் ஒரு காலை மாற்றி நின்றார். கழுத்துப்பட்டை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"அது மன்னிப்பு கேக்கறது இல்ல."

"இல்ல, வெயில் வேற..."

"வெயிலும் இல்ல." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என்னைத் திருடி மாதிரி விசாரிச்சு அழவெச்சதை எல்லாரும் கேட்டிருக்காங்க. முடிவையும் அவங்க கேக்கணும். நாளைக்கு அந்த நேரத்துக்கு போன் பண்றேன். அந்தச் சாமானை மாட்டியே வைங்க."

மறுநாள் கண்டக்டர் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, வரிசையின் முதல் இடத்தை அவருக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். பின்னால் மரம் வரை வண்டிகள். யாரும் டீக்கடைக்குப் போகவில்லை. போன் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் அவள். பள்ளி விழாவில் பேசுகிறவள் போலக் கொஞ்சம் படபடப்பு. "நான்தான் கண்டக்டர் வீட்டுல. முதல்ல, பின்னாடி வண்டித் தம்பிக்கு. உங்க மனைவியை நாளைக்கு வரச் சொல்லுங்க, நானே அளவெடுக்கறேன். நான் சொன்னதை அவகிட்ட சொல்லியிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா நீங்க இவ்வளவு ஆரோக்கியமா இருக்க மாட்டீங்க."

பின்னாலிருந்து வக்கீலின் வெடிச்சிரிப்பு ரேடியோ இல்லாமலே கேட்டது.

"அப்புறம், இவர் பேசறது உங்களுக்குக் கேக்காதாமே. அதனால இவர் சொல்றதை நானே சொல்லிடறேன். 'தப்பு முழுக்க என் மேலதான்'னு சொல்றார்."

"நான் இன்னும் வாயே திறக்கலையே!" என்று பதறினார் கண்டக்டர்.

"'விசாரிக்காம பேசிட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னு சொல்றார். குரல் தழுதழுக்குது. பாவமா இருக்கு."

கண்டக்டர் பின்கண்ணாடியில் பார்த்தார். நெட்டை ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பின்னால் இருந்தவர்களும் அப்படித்தான். சுள்ளென்று வந்த கோபம் எங்கோ வழியிலேயே நின்றுவிட்டது. கண்டக்டருக்கும் சிரிப்பு வந்தது.

"கேட்டீங்கல்ல, அவ்வளவுதான்" என்றாள் அவள். "பாட்டு எவ்வளவு வேணா கேளுங்க. என்னங்க, இப்ப அந்தச் சாமானைப் பிடுங்கிட்டு போனைக் காதுல வைங்க."

கண்டக்டர் பிடுங்கினார். மரம் வரைக்கும் எல்லா வண்டியிலும் உஸ்ஸென்ற இரைச்சல்தான் மிச்சம். நெட்டை ஜன்னல் வழியாக முழுத் தலையையும் வெளியே நீட்டினான். அந்த நேரம் பார்த்து ரயில் வந்து, பெட்டியோடு ஓர் அம்மாள் முதல் வண்டிக்கு வந்தார். கண்டக்டர் சவாரியை விட்டுக்கொடுக்கிற ஆளே இல்லை. கையை அசைத்து அந்த அம்மாளை நெட்டையின் வண்டிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். சொல்லித்தர யாரும் இல்லை, ஒட்டுக் கேட்கவும் யாரும் இல்லை. நாக்கு ஒருமுறை புரண்டு பார்த்தது, பிறகு வழிக்கு வந்தது.

"நீ சொல்லியிருப்பேன்னு நான் நினைச்சதே தப்பு" என்றார். "யார் சொல்லியிருந்தாலும் நீ சொல்லியிருக்க மாட்டே. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேட்டுட்டேன். நீ பேசாம இருந்த ஒவ்வொரு நாளும் பயமா இருந்துச்சு எனக்கு. மன்னிச்சுடு."

அந்தப் பக்கம் மெஷின் ஓடவில்லை. அப்புறம் அவள் ஒன்று சொன்னாள், மிக மெதுவாக. கண்டக்டரின் கண் நிறைந்து, காது வரை முகம் சிவந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் நெட்டைக்கும் என்ன வித்தியாசம்?